லக்சம்பர்க்கில் இரண்டு இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் படிப்பு, வேலை என்று இருப்பவர்களும், ஊரிலிருந்து அவர்களைப் பார்க்க வரும் பெற்றோரும் லக்சம்பர்க் பற்றி என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். கட்டணமும் திறப்பு நேரமும் மாறக்கூடியவை. கிளம்புவதற்கு முன் அந்தந்த இடத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

லக்சம்பர்க் என்பது நாடா, ஊரா?

இரண்டும்தான். பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றுக்கும் நடுவே இருக்கும் நாடு அது. பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர், மக்கள் தொகை ஏழு லட்சத்தைத் தொடவில்லை. அதன் தலைநகருக்கும் அதே பெயர். நாணயம் யூரோ. மன்னருக்குப் பதில் கிராண்ட் டியூக் ஆளும் நாடு உலகில் இப்போது இது ஒன்றுதான். 2025 அக்டோபரில் தந்தை ஹென்றி பதவி விலக, மகன் கியோம் அந்தப் பொறுப்புக்கு வந்தார்.

அங்கே பார்க்க என்ன இருக்கிறது? பேங்க் ஆபீஸ்கள்தானே?

வங்கிகள் நிறைய உண்டு, ஆனால் அவை ஊரின் ஒரு ஓரம். மையத்தில் இருப்பது ஒரு கோட்டை. 963-ல் சீக்ஃப்ரீட் என்ற பிரபு அல்சேட் ஆற்றின் வளைவில் துருத்தி நிற்கும் பொக் என்ற பாறையைப் பெற்று அங்கே ஒரு கோட்டை கட்டினார். அதற்குப் பிறகு பர்கண்டிக்காரர்கள், ஸ்பானியர்கள், பிரெஞ்சுக்காரர்கள், ஆஸ்திரியர்கள், பிரஷ்யர்கள் என்று யார் யாரோ பிடித்து, ஆளுக்கு ஒரு சுற்று மதிலைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஐரோப்பாவின் வலுவான கோட்டைகளில் ஒன்றாக அது ஆனது. அதனாலேயே எல்லோருக்கும் கண் உறுத்தியது. 1867-ல் லண்டன் ஒப்பந்தம் போட்டு, நாடு நடுநிலையாக இருக்கும், கோட்டை இடிக்கப்படும் என்று முடிவு செய்தார்கள். இடித்து முடிக்கவே 1883 வரை ஆனது.

இடிக்க முடியாமல் விட்டது பாறைக்குள் குடைந்த சுரங்கங்களை. ஒரு காலத்தில் 23 கிலோமீட்டர் நீளம். வெடி வைத்தால் மேலே இருக்கும் ஊரும் சேர்ந்து போய்விடும் என்பதால் முக்கிய இணைப்புகளை மட்டும் அடைத்தார்கள். 17 கிலோமீட்டர் இன்னும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சின்போது 35,000 பேர் வரை அங்கே தஞ்சம் புகுந்தார்கள். பழைய நகரமும் கோட்டையின் எச்சங்களும் 1994 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. இதையெல்லாம் பார்க்காமல் 'பேங்க் ஊர்' என்று கடந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போகும் வழியில் அரை நாள் இறங்கிப் பார்த்தால் போதாதா?

போதாது. வரைபடத்தில் ஊர் சின்னதாகத் தெரிவதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. வரைபடம் காட்டாத விஷயம் ஆழம். மேல் ஊர் பீடபூமியில் இருக்கிறது, கீழ் ஊர் பள்ளத்தாக்கில் ஆற்றங்கரையில் இருக்கிறது, நடுவே செங்குத்துப் பாறை. அரை நாளில் வருபவர்கள் மேலேயே சுற்றிவிட்டு, கீழே எட்டிப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். கீழே இறங்கி நடப்பதுதான் இந்த ஊரின் சுகம்.

இரண்டு இரவு தங்குங்கள். ஒரு முழு நாள் நகரத்துக்கு, ஒரு முழு நாள் வெளியூருக்கு. கிளம்பும் நாளில் பாதி மிச்சம் இருந்தால் ஒரு அருங்காட்சியகம். அதற்கு மேல் நாள் இருந்தால் காட்டுப் பாதைகளில் நடக்கலாம், ஆனால் முதல் பயணத்துக்கு இது தாராளம்.

எப்படிப் போய்ச் சேருவது?

இந்தியாவிலிருந்து நேரடிப் பயணிகள் விமானம் கிடையாது. பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டேகால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அந்த ரயில் கார் து லெஸ்ட் நிலையத்திலிருந்து கிளம்புகிறது. நம் கடைகள் வரிசையாக இருக்கும் லா சப்பல் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். சைவம் சாப்பிடுகிறவர்கள் மதிய ரயிலாகப் பிடித்தால் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டே ஏறலாம். ஜெர்மனியின் ட்ரியர் நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். பிராங்பர்ட், கொலோன் பக்கமிருந்து வருபவர்கள் கோப்லென்ஸ் வழியாக வரலாம். பிரஸ்ஸல்ஸ் ரயில் மெதுவானது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

விமானத்தில் வந்தால் ஃபிண்டல் விமான நிலையம். 2025 மார்ச்சிலிருந்து டிராம் அங்கேயே வருகிறது. கிர்ச்பெர்க் என்ற மேட்டுப் பகுதி, பழைய நகரம், ரயில் நிலையம் மூன்றையும் தொட்டுக்கொண்டு அதே டிராம் போகும். டாக்ஸி விலை அதிகம், தேவையும் இல்லை.

பஸ், ரயில் எல்லாம் நிஜமாகவே இலவசமா? டூரிஸ்டுக்கும் சேர்த்தா?

ஆமாம், எல்லோருக்கும். 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுவதும் பஸ், டிராம், ரயிலின் இரண்டாம் வகுப்பு எதற்கும் டிக்கெட் இல்லை. பாஸ், பதிவு, செயலி எதுவும் வேண்டாம், ஏறி உட்கார வேண்டியதுதான். பக்கத்து மூன்று நாடுகளிலிருந்து தினமும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்கு வந்து போகிறார்கள். சாலைகள் கார்களால் திணறியது இந்த முடிவுக்கு ஒரு காரணம்.

இரண்டு இடத்தில் கவனம். முதல் வகுப்புப் பெட்டிக்குக் கட்டணம் உண்டு, கதவில் '1' என்று எழுதியிருந்தால் ஏறாதீர்கள். அப்புறம், இலவசம் எல்லை வரைக்கும்தான். ட்ரியர் அல்லது மெட்ஸ் போகும் ரயிலில் எல்லை தாண்டிய தூரத்துக்கு டிக்கெட் வேண்டும். அதை ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். எல்லை தாண்டியதும் பரிசோதகர் வருவார்.

எந்தக் கிழமையில், எந்த மாதத்தில் போவது நல்லது?

கிழமையைப் பற்றி முதலில் சொல்கிறேன், பணம் மிச்சமாகும் இடம் அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், முதலீட்டு வங்கி எல்லாம் இங்கே இருப்பதால் திங்கள் முதல் வியாழன் வரை அலுவல் பயணிகள் ஓட்டல்களை நிரப்பிவிடுவார்கள். வெள்ளி, சனி இரவுகளில் அதே அறை கணிசமாக விலை இறங்கும். பல ஐரோப்பிய நகரங்களில் வார இறுதியில்தான் விலை ஏறும், இங்கே நேர்மாறு. அதனால் வெள்ளி மாலை வந்து ஞாயிறு மாலை கிளம்பும் திட்டம் அருமையாகப் பொருந்தும்.

மாதம் என்றால் மே முதல் செப்டம்பர் வரை. ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், நாள் நீளமாகக் கிடைக்கும். ஜூன் 23 தேசிய நாள், அதற்கு முந்தைய இரவு வாணவேடிக்கை. கூட்டம் பிடிக்குமென்றால் வாருங்கள், அறையை வெகு முன்னதாகவே பதிவு செய்யுங்கள். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் ஷூபர்ஃபோயர் திருவிழா 1340-ல் குருட்டு ஜான் என்ற அரசர் தொடங்கிவைத்த சந்தை. இன்று ராட்டினமும் தின்பண்டமுமாக நிற்கிறது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் கடைகள் அழகு, ஆனால் நாலரை மணிக்கே இருட்டிவிடும். மழை எந்த மாதமும் வரலாம்.

முதல் நாள் எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்கலாம்?

பிளாஸ் த லா கோன்ஸ்திதூஸ்யோன் சதுக்கத்தில் ஆரம்பியுங்கள். அங்கே உயரமான தூணின் மேல் மாலையை நீட்டியபடி பொன்னிறப் பெண் சிலை நிற்கும், கெல்ல ஃப்ரா என்பார்கள். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1923-ல் வைத்தது. 1940-ல் நாஜிகள் தூணோடு சாய்த்தார்கள். அதன் பிறகு அந்தச் சிலை எங்கே போனது என்றே தெரியவில்லை. 1980-ல் தேசிய விளையாட்டரங்கின் பார்வையாளர் மேடைக்கு அடியிலிருந்து கிடைத்தது. 1985-ல் மறுபடி தூணில் ஏற்றினார்கள். அங்கிருந்தே பெத்ரூஸ் பள்ளத்தாக்கும், 1903-ல் திறந்த அடோல்ஃப் பாலமும் தெரியும். பாலத்தின் வளைவுக்குள் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனிக் கீழ்த்தளம் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதில் நடந்து திரும்பி வாருங்கள், இருபது நிமிடம்கூட ஆகாது.

பிறகு நோட்ர தாம் தேவாலயம், கிராண்ட் டியூக் அரண்மனை (கோடையில் சில வாரங்கள் மட்டும் உள்ளே விடுவார்கள்), மீன் சந்தைச் சதுக்கம். அப்படியே பொக் பாறைக்கு வந்தால் சுரங்கங்களின் வாசல். 1644-ல் ஸ்பானியர்கள் தொடங்கியதை, பிரெஞ்சுப் பொறியாளர் வோபானும் ஆஸ்திரியர்களும் பெரிதாக்கினார்கள். உள்ளே பீரங்கி வைத்த துளைகள் வழியாகப் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் நேரம் சுருங்கும் அல்லது மூடியிருக்கும், அதை மட்டும் முன்பே பாருங்கள்.

வெளியே வந்தால் மதில் ஓரமாகப் போகும் கார்னீஷ் பாதை. 'ஐரோப்பாவின் மிக அழகான பால்கனி' என்று இதற்குப் பெயர், மிகையில்லை. அதன் முடிவில் சென்ட் எஸ்ப்ரி மேட்டிலிருந்து பாறைக்குள் போகும் லிஃப்ட் உங்களைக் க்ருண்ட் என்ற கீழ் ஊரில் இறக்கிவிடும். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நோய்மன்ஸ்டர் மடத்துக்குப் போங்கள். மடமாக இருந்து, சிறையாக மாறி, இப்போது கலை மையமாக இருக்கும் இடம். முற்றத்தில் உட்கார்ந்தால் காலையில் நீங்கள் நின்ற இடம் தலைக்கு மேலே தெரியும். பிறகு ஆற்றோடு நடந்து பஃபென்தால் வந்து, அங்கிருக்கும் 71 மீட்டர் உயரக் கண்ணாடி லிஃப்டில் மேலே ஏறிவிடலாம். அதுவும் இலவசம். மாலை வெயிலில் ஏறினால் பள்ளத்தாக்கு முழுவதும் பொன்னாகத் தெரியும். இந்த வரிசையை மாற்றாதீர்கள் என்பேன். இறக்கம் எல்லாம் உங்கள் பக்கம், ஏற்றம் எல்லாம் லிஃப்ட் பார்த்துக்கொள்ளும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. இந்த ஊருக்குக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. மேலே சொன்ன பாதையில் சுரங்கங்களை மட்டும் விட்டுவிடுங்கள். குறுகிய சுழல் படிகள், ஈரம், பிடிமானம் குறைவு. குழந்தை வண்டியும் அங்கே ஏறாது. கார்னீஷ் பாதையில் சரிவும் கல் பாவிய தரையும் உண்டு, நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். இரண்டு லிஃப்டும், பஃபென்தாலிலிருந்து கிர்ச்பெர்க் மேட்டுக்குப் போகும் ஃபனிக்குலர் ரயிலும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் நகரப் பூங்காவில் கொள்ளையர் கப்பல் வடிவத்தில் பெரிய விளையாட்டிடம் இருக்கிறது. அங்கிருந்து அவர்களைக் கிளப்புவதுதான் சிரமம்.

இரண்டாம் நாளில் வியாண்டன், கிளெர்வோ, எக்டர்நாக் மூன்றையும் பார்த்துவிடலாமா?

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பதில் நாள் போய்விடும்.

முதன்முறை என்றால் வியாண்டன். எட்டல்ப்ரூக் வரை ரயில், பிறகு பஸ். ஆற்றுக்கு மேலே மலை முகட்டில் கோட்டை. 1820-ல் அரசர் அதை ஒரு வியாபாரிக்கு விற்க, அவர் கூரை, கதவு என்று பிரித்துப் பிரித்து விற்றுவிட்டார். பாழாகக் கிடந்ததை 1977-ல் அரசின் கைக்கு வந்த பிறகுதான் முழுதாகச் சீரமைத்தார்கள். விக்டர் யூகோ 1871-ல் நாடு கடந்து வந்து தங்கிய வீடு பாலத்தருகே இருக்கிறது, அருங்காட்சியகமாக. வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை நாற்காலி ரோப் கார் ஓடும். அதில் ஏறினால் கோட்டையை மேலிருந்து பார்க்கலாம், பிறகு கோட்டைக்கு இறங்கி நடக்கலாம்.

புகைப்படத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு என் பதில் வேறு: கிளெர்வோ. நேரடி ரயில், ஒரு மணி நேரம். அங்குள்ள கோட்டைக்குள் 'மனிதக் குடும்பம்' என்ற கண்காட்சி நிரந்தரமாக இருக்கிறது. லக்சம்பர்க்கில் பிறந்த எட்வர்ட் ஸ்டைக்கன் 1955-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்காக 68 நாடுகளிலிருந்து சேர்த்த 503 படங்கள். பிறப்பு, உழைப்பு, பசி, ஆட்டம், சாவு என்று போகும். யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் 2003-ல் சேர்ந்தது. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் மூடுவார்கள், வார ஆரம்பத்திலும் திறப்பதில்லை.

எக்டர்நாக் நடப்பவர்களுக்கு. 698-ல் வில்லிப்ரோர்ட் நிறுவிய மடத்தின் ஊர். ஊரிலிருந்தே பாறை இடுக்குகள் வழியாகக் காட்டுக்குள் போகலாம்.

ஷெங்கன் என்று ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது, இதே நாட்டில்தான். மொசெல் ஆற்றங்கரையில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த சின்ன கிராமம். மூன்று நாட்டு எல்லைகள் சந்திக்கும் இடம் என்பதால், 1985 ஜூன் 14 அன்று அங்கே ஆற்றில் நின்ற 'பிரின்சஸ் மரி-அஸ்ட்ரிட்' என்ற கப்பலில், தங்களுக்கிடையே எல்லைச் சோதனையைப் படிப்படியாக நீக்கும் ஷெங்கன் ஒப்பந்தத்தில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. ஒரு சிறிய ஐரோப்பிய அருங்காட்சியகம் இருக்கிறது. பஸ்ஸில் போகலாம், அரை நாள் போதும். விசாவுக்காக வரிசையில் நின்ற நம்மவர்களுக்கு, அந்தப் பெயரின் ஊரில் பாலத்தைத் தாண்டி ஜெர்மனிக்கு நடந்து போவது தனி உணர்ச்சிதான். ஆனால் வியாண்டனை விட்டுவிட்டு இதற்குப் போகச் சொல்லமாட்டேன்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். இந்திய, இத்தாலிய, லெபனான் உணவகங்கள் உண்டு. உள்ளூர்ச் சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும், பன்றி இறைச்சித் துண்டுகள் எதிர்பாராத இடத்தில் வரும். பச்சை பீன்ஸ் சூப்பான பூனஷ்லுப், மாவு உருண்டையான க்னிடலன் இரண்டும் பெயரளவில் சைவம் போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் அது சேர்ந்தே வரும். மெனுவில் 'லார்டோன்' என்று இருந்தால் அதுதான். அது இல்லாமல் செய்து தரச் சொல்லிக் கேட்கலாம், செய்வார்கள்.

சந்தைகளில் விற்கும் க்ரொம்பெரகீஷெல்ஷர் என்ற உருளைக்கிழங்கு அடையைத் தவறவிடாதீர்கள். துருவிய கிழங்கு, வெங்காயம், பார்ஸ்லி, மாவு, முட்டை சேர்த்துப் பொரித்தது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஆகாது. இலையுதிர் காலத்தில் வந்தால் ப்ளம் பழம் அடுக்கிய க்வெட்ஷன்டார்ட்.

ரொம்பக் காஸ்ட்லி நாடு என்கிறார்களே, கையைக் கடிக்காதா?

ஓட்டல் அறையும் இரவு உணவும் கடிக்கும். அறைக்கு வழி மேலே சொன்ன வெள்ளி, சனி. இன்னும் குறைக்க, பஃபென்தால் பள்ளத்தாக்கில் இருக்கும் இளையோர் விடுதி நல்லது, குடும்பத்தோடும் தங்கலாம். அதற்கும் மேலே, போக்குவரத்து இலவசம் என்பதால் எட்டல்ப்ரூக் போன்ற ஊரில் மலிவாகத் தங்கி நகரத்துக்கு ரயிலில் வருவதும் நடைமுறையில் எளிது. சாப்பாட்டுக்கு, வார நாட்களில் மதியம் போடும் 'பிளா து ஜூர்' என்ற அன்றைய உணவு இரவு விலையைவிடக் குறைவு. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்.

காரை வாடகைக்கு எடுக்காதீர்கள். நகரத்தில் பார்க்கிங் விலையே அறை வாடகையில் ஒரு பங்கு கேட்கும்.

லக்சம்பர்க் கார்ட் வாங்கினால் லாபமா?

அது சுற்றுலாப் பயணிகளுக்கான நுழைவு அட்டை. அருங்காட்சியகங்கள், சுரங்கங்கள், வியாண்டன் கோட்டை எல்லாம் அதில் அடக்கம். ஒரே நாளில் கட்டணம் உள்ள இரண்டு மூன்று இடங்களுக்குள் போகிறீர்கள் என்றால் லாபம். நான் சொன்ன முதல் நாள் பாதையில் சுரங்கம் ஒன்றுக்குத்தான் காசு, அதற்காக வாங்க வேண்டாம். மீன் சந்தைச் சதுக்கத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்கு எப்படியும் கட்டணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மூடிவிடுவார்களாமே?

கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், அருங்காட்சியகங்கள் திறந்திருக்கும். அதனால் சாமான், பரிசுப் பொருள் எல்லாம் சனிக்கிழமையே. ஞாயிறன்று தவித்தால் ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடை உதவும். திங்களன்று பல அருங்காட்சியகங்கள் விடுமுறை. ஐ. எம். பெய் வடிவமைத்து 2006-ல் திறந்த முடாம் நவீனக் கலைக்கூடம் போன்றவற்றின் விடுமுறை நாள் வேறாக இருக்கலாம், முன்பே பாருங்கள்.

பிரெஞ்சு தெரியாமல் சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். லக்சம்பர்கிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றும் ஆட்சி மொழிகள். கடைகளில் பிரெஞ்சு அதிகம், ஆங்கிலமும் பரவலாகப் பேசுவார்கள். உள்ளே நுழையும்போது 'மோயன்' என்று வணக்கம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

பாரிஸில் நாலு நாள், லக்சம்பர்க்கில் இரண்டு நாள். விசா யாரிடம் கேட்பது?

பிரான்ஸிடம். அதிக நாள் தங்கும் நாடு எதுவோ அதன் தூதரகம்தான் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. 'அந்த நாட்டில் சுலபமாகக் கிடைக்கிறதாம்' என்று கேள்விப்பட்டு இல்லாத தங்கலைக் காட்டாதீர்கள், நிராகரிப்பு அடுத்த விண்ணப்பத்திலும் தொடரும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் முடியாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்கு 45, அதற்குக் கீழே இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். திரும்பும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.

ஜெர்மனியில் ஸ்டூடண்ட், ரெசிடன்ஸ் கார்டு இருக்கிறது. பாஸ்போர்ட் எடுத்துப் போக வேண்டுமா?

கட்டாயம், இரண்டையும். அந்தக் கார்டோடு லக்சம்பர்க்குக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் 2024 செப்டம்பரில் ஜெர்மனி லக்சம்பர்க் எல்லையிலும் சோதனையைக் கொண்டுவந்தது. திரும்பும்போது பஸ்ஸிலோ ரயிலிலோ போலீஸ் கேட்கலாம். போனில் இருக்கும் படம் ஆவணம் ஆகாது. பஸ்ஸை நிறுத்தினால் நேரமும் போகும், அடுத்த இணைப்பு ரயிலுக்கு இடைவெளி விட்டுப் பதிவு செய்யுங்கள்.

சிங்கிள் என்ட்ரி விசாதான் இருக்கிறது. லக்சம்பர்க் போய்விட்டு பாரிஸ் திரும்பினால் அது இரண்டாவது என்ட்ரியா?

இல்லை. ஷெங்கன் நாடுகளுக்குள் எத்தனை முறை எல்லை தாண்டினாலும் அது ஒரே நுழைவுதான். பிரச்சினை வருவது நடுவில் லண்டனோ டப்ளினோ போனால். அவை ஷெங்கனுக்கு வெளியே. போன நிமிடமே உங்கள் ஒற்றை நுழைவு முடிந்தது, பாரிஸில் திரும்பும் விமானம் காத்திருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். லண்டன் திட்டத்தில் இருந்தால் அதைப் பயணத்தின் தலையிலோ வாலிலோ வையுங்கள், இல்லையென்றால் விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு கேட்டு, இரண்டாவது நுழைவுக்கான டிக்கெட்டையும் சேர்த்துக் காட்டுங்கள்.